எல்லா முகமும் தெரிகிற படம்

என் தங்கை கஸ்தூரி பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த வருஷத்து வகுப்புப் படம். கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய வெள்ளைத்தாள் மூடியிருந்தது. தாளைத் தூக்கியதும் புதுப் பசை வாடை வந்தது.

“அக்கா, இதுல நான் எங்க?”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நர்ஸிங் பயிற்சியில் இருந்த காலம். கிடைத்த லீவுக்குக் கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தேன்.

பள்ளி மண்டபத்தின் வெள்ளைச் சுவர். அதன் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள். பின்வரிசை ஓரத்தில் கஸ்தூரியின் சட்டைக் காலர் தெரிந்தது. பள்ளிச் சின்னமும் தெரிந்தது. காலருக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்பு. கண் இல்லை, மூக்கு இல்லை. பக்கத்தில் நின்ற அவள் தோழி மெய் லிங்கின் கன்னத்து மச்சம்கூடப் பளிச்சென்று இருந்தது.

“நான் சிரிச்சேன் அக்கா. நல்லாத்தான் சிரிச்சேன். அது எங்க போச்சு?”

அடுப்பிலிருந்து அம்மா திரும்பாமலே சொன்னார்: “வெயில்ல ஆடாதன்னா கேக்குறியா?”

கஸ்தூரிக்கு அப்போது பதின்மூன்று வயது. அழுதிருந்தால் ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்து முடித்திருப்பேன். அவள் அழவில்லை. படத்தைத் திரும்ப வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு அதற்குள் எங்காவது ஒளிந்திருக்கும், சாய்த்தால் விழுந்துவிடும் என்பதுபோல.

அந்தக் கஸ்தூரிதான்

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை நான் வேலை செய்த வார்டுகளைப் பற்றித்தான் எழுதிவந்தேன். சென்ற வாரம் போகிற போக்கில் ‘கேமராக்காரி என் தங்கை’ என்று ஒரு வரி விழுந்துவிட்டது. காஜாங்கிலிருந்து ஒரு வாசகர் ஆசிரியருக்குப் போன் போட்டு, “அந்தக் கஸ்தூரியா இந்த நர்ஸ் மிஸ்ஸியோட தங்கச்சி?” என்று கேட்டாராம்.

ஆமாம். அந்தக் கஸ்தூரிதான். கறுத்த முகமும் வெளுத்த முகமும் ஒரே படத்தில் சேர்ந்து நின்றால், இரண்டையும் உள்ளது உள்ளபடி எடுக்கப் போன் கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

அடக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட மீன்காரர் போனை எட்டிப் பார்த்து, “இதுல என் தங்கச்சி வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் கெம்போங் மீனைப் பையில் போடுவேன். கஸ்தூரிக்கு இது பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காத வேறு பல விஷயங்களையும் நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

அவளைப் பற்றி வெளியே எழுதுகிறவர்கள் எல்லாம் அவள் பெயர் வாங்கிய பிறகு நடந்ததை எழுதுகிறார்கள். அதற்கு முந்தியது எங்கள் வீட்டுக் கதை. அதை நான்தான் எழுத வேண்டும்.

பவுடர் அங்கிள்

அப்பா லோரி ஓட்டினார். துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு ஷா ஆலம், செராஸ், அம்பாங் என்று கிடங்கு கிடங்காகப் போவார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நான் அம்மா நிறம். கஸ்தூரி அப்பா நிறம். அப்பாவின் நிறம் நல்ல கறுப்பு. “மழையில நனைஞ்ச டயரு மாதிரி, பளபளன்னு இருக்கேன் பாரு” என்று அவரே தோளைத் தட்டிச் சொல்லிக்கொள்வார்.

கிள்ளானில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் ஒரே ஸ்டூடியோ. அதை நடத்தியவர் ராஜு அங்கிள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் எடுப்பது கேமராவை அல்ல, பவுடர் டப்பாவை. ரோஜா வாசனை அடிக்கும் பவுடர். நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒத்தி எடுத்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவார். “பவுடர் போட்டாத்தான் படம் விழும்” என்பது அவர் வேதம். கஸ்தூரியின் ஆறு வயதுப் பிறந்தநாள் படம் இன்னும் அம்மா அலமாரியில் இருக்கிறது. மாவுப் பானைக்குள் விழுந்து எழுந்த பிள்ளை மாதிரி இருப்பாள்.

அவர் கெட்டவர் இல்லை. அவரும் கறுப்புதான். தன் கல்யாணப் படத்தையே காட்டி, “பாத்தியா, பொண்ணு இருக்கு, மாலை இருக்கு, மாப்பிள்ளையத்தான் காணோம்” என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

வாசலில் நிறுத்திய லோரி

வகுப்புப் படம் வந்த வருஷத்துக் கடைசி. பள்ளி விடுமுறை. விடுமுறை என்றால் கஸ்தூரி அப்பாவோடு லோரியில் ஏறிவிடுவாள். உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்படிப் போன ஒருநாள் நடந்ததை அப்பா எங்களிடம் சொல்லவே இல்லை. கஸ்தூரிதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

ஒரு கிடங்கு வாசல். வழக்கமாக இருக்கும் காவலாளி அன்று இல்லை. புது ஆள், சின்ன வயசு. அப்பா படம் ஒட்டிய நுழைவுப் பாஸைக் கொடுத்தார். அவன் பாஸைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடி பாஸைப் பார்த்தான்.

“இனி சியாப்பா, பாங்?” என்றான். இது யார், அண்ணே?

“சாயாலா,” என்றார் அப்பா. நான்தான்.

பாஸில் இருந்த படத்தில் சட்டை இருந்தது. சட்டைக்கு மேலே ஒரு நிழல் இருந்தது. அது அப்பாவாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அந்தப் பையனுக்குப் பயம். தவறான ஆளை உள்ளே விட்டால் அவன் வேலை போய்விடும். மேலதிகாரி வரட்டும் என்று அப்பாவை இறங்கி நிற்கச் சொன்னான்.

நல்ல வெயில். பின்னால் நின்ற லோரிகள் ஹாரன் அடித்தன. அப்பா பாஸைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாராம், பார்க்கிறவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்று. முகத்தில் சிரிப்பு வேறு. கஸ்தூரி மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலதிகாரி வந்தார். அப்பாவைப் பல வருஷமாகத் தெரிந்தவர். தோளில் கைபோட்டு மன்னிப்புக் கேட்டு உள்ளே அனுப்பினார். பிரச்சினை முடிந்தது. லோரி நகர்ந்ததும் அப்பா சொன்னார்: “படம்தானேம்மா. விடு.”

“படம் இல்லப்பா. உங்க மூஞ்சி.”

அப்பா வானொலியைத் திருகினாராம்.

“அதுக்கு மூஞ்சின்னா என்னன்னு தெரியாது”

இப்போது மறுபடி அந்த வகுப்புப் படத்துக்கு வருகிறேன். அதை எடுத்தவரும் ராஜு அங்கிள்தான். அப்பாவின் பாஸ் படமும் அவர் கைவேலைதான். கஸ்தூரி வகுப்புப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, ஸ்டூடியோவுக்குப் போனாள்.

“அங்கிள், எங்க அப்பா பாஸ் படம் நீங்கதானே எடுத்தீங்க?”

“ஆமா, நான்தான் எடுத்தேன்.”

“இல்ல அங்கிள். சட்டையத்தான் எடுத்தீங்க. மூஞ்சிய விட்டுட்டீங்க.”

நான் அவள் கையைக் கிள்ளினேன். ராஜு அங்கிளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வகுப்புப் படத்தை வாங்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவரு. வெளிச்சத்த அளக்குற மீட்டரு இருக்கே, அது இத்தனை வெள்ளையப் பாத்துட்டு வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைச்சுக்கும். உடனே எல்லாத்தையும் இருட்டாக்கிடும். அதுல நம்ம ஆளுங்க போயிடுவாங்க.”

“அப்ப மீட்டரு மூஞ்சியப் பாக்கவே இல்லையா?”

“அதுக்கு மூஞ்சின்னா என்னன்னு தெரியாதும்மா.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் அந்த வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் அவள் மேடையில் பேசும்போது எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால், ராஜு அங்கிள் பெயரைத்தான் முதலில் சொல்வாள். அங்கிள் இப்போது இல்லை. அவர் மகன் அந்தப் பேச்சை யாரோ அனுப்ப, கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்து, ‘அப்பா பேர’ என்று ஆரம்பித்துப் பாதியில் வைத்துவிட்டான்.

அடுத்த வருஷ வகுப்புப் படத்துக்கு ராஜு அங்கிள் வந்தபோது கஸ்தூரி வரிசையிலிருந்து இறங்கி அவரிடம் போனாளாம். ஒன்று எப்போதும்போல எடுங்கள், இன்னொன்றுக்கு மீட்டர் சொல்வதைக் கேட்காமல் வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடுங்கள் என்றாள். அவரும் எடுத்தார்.

இரண்டாவது படத்தில் கஸ்தூரி இருந்தாள்! கண் இருந்தது. சிரிப்பு இருந்தது. தெற்றுப்பல் இருந்தது. ஆனால் பக்கத்தில் மெய் லிங் வெளுத்துப்போய்ச் சுவரோடு சுவராகக் கரைந்திருந்தாள்.

“ஐயோ கஸ், இப்ப எனக்கு மூக்கே இல்ல லா!” என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து மெய் லிங் விழுந்து விழுந்து சிரித்தாளாம். வகுப்பே சிரித்தது. கஸ்தூரி சிரிக்கவில்லை. அன்று எனக்குப் போன் செய்து அவள் கேட்டதை நான் மறக்கவில்லை.

“ஒருத்தர் தெரியணும்னா இன்னொருத்தர் அழியணுமாக்கா?”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ‘சாப்பிட்டியா’ என்று கேட்டிருப்பேன். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் நான் அப்படித்தான் கேட்பேன்.

கத்தரிக்காய்ப் பூசை

அப்பாவுக்கு அவளை டாக்டராக்க வேண்டும் என்று ஆசை. “ஒருத்தி ஊசி போடுறா, இன்னொருத்தி எழுதிக் கொடுக்கட்டும்” என்பார். நல்ல மார்க்கும் வந்தது. அவள் கம்ப்யூட்டர் பொறியியலுக்கு எழுதிப் போட்டாள். ஒரு வாரம் அம்மா தட்டை ‘ணங்’கென்று வைத்தார்.

கடைசியில் அவளே அப்பாவிடம் போனாள். “அப்பா, ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா பாக்க எத்தனையோ டாக்டர் இருக்காங்க. கேட்ல நிறுத்தி வெச்சா பாக்க யாரு இருக்கா?”

அப்பா அவளையே பார்த்தார். அந்த வாசல் அவளுக்கு மறந்திருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார் போல. “படிம்மா,” என்றார்.

சின்ன டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு வந்த காலம் அது. என் சம்பளத்தில் நான் அவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்காக அம்மா என்னைத் திட்டாத நாளில்லை. ஏனென்றால் அதன்பின் எங்கள் வீட்டில் நேரத்துக்குச் சமையல் நடக்கவில்லை.

பாசாரிலிருந்து சாமான் வந்ததும் கஸ்தூரி அதை மேசைக்குக் கொண்டுபோய்விடுவாள். கத்தரிக்காய், கறுத்த சோயாக் கிச்சாப் போத்தல், குலா மலாக்கா வெல்லக் கட்டி, தேங்காய்ச் சிரட்டை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆவியில் வெந்த ஒரு வெள்ளைப் பாவ் ரொட்டி, இல்லாவிட்டால் அவித்த முட்டை. ஜன்னலைத் திறந்து ஒரு படம், மூடி ஒரு படம், விளக்கைப் போட்டு ஒரு படம்.

“இத சமைக்கவா, கும்பிடவா?” என்பார் அம்மா, அகப்பையோடு நின்றுகொண்டு.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு கத்தரிக்காயைக் காட்டினாள். வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சாம்பல் பூசியதுபோல் செத்துக் கிடந்தது.

“வெளிச்சத்தக் கூட்டினா மட்டும் பத்தாதுக்கா. கறுப்புன்னா ஒரே இருட்டுன்னு இந்தக் கேமரா நினைச்சுக்குது. கத்தரிக்காய்ல உள்ள நீலம் இருக்கு. குலா மலாக்கால பொன்னு இருக்கு. அப்பா கன்னத்துல செவப்பு இருக்கு. நம்ம கண்ணு அதையெல்லாம் பாக்குது. அதுவும் எப்படிப் பாக்குது தெரியுமா? மெய் லிங்கப் பாத்துட்டு என்னப் பாக்கும்போது கண்ணு தன்னை மாத்திக்குது. திரும்ப அவளப் பாக்கும்போது திரும்ப மாத்திக்குது. நமக்கே தெரியாம. கேமரா மட்டும்தான் எல்லாருக்கும் ஒரே அளவு வைக்குது.”

பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் செய்தது இதுதான் என்று எனக்கு விளக்கினார்கள். ஒரு முறை அழுத்தினால் போன் பல அளவு வெளிச்சத்தில் பல படங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் எடுக்கும். முதலில் முகங்களைத் தேடும். ஒவ்வொரு முகத்துக்கும் அதற்குரிய வெளிச்சத்தையும் நிறத்தையும் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கும். எனக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. அதை நான் அம்மாவின் அடுப்படியிலேயே கேட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் மாடி

படித்து முடித்ததும் போன் கேமரா செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தன் யோசனையை மேலாளரிடம் கொண்டுபோனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாங்குறவங்களுக்கு வெளுப்பாத்தான் வேணும். அதுக்குத்தான் அழகு பட்டன் வெச்சிருக்கோமே” என்றார். அந்தப் பட்டனை அழுத்தினால் யாராக இருந்தாலும் பவுடர் போட்டதுபோல் ஆகிவிடுவார்கள். ராஜு அங்கிளின் டப்பா போனுக்குள் போய்விட்டது என்று கஸ்தூரி சொன்னாள்.

வேலையை விட்டாள்.

அந்தச் சமயம் ஒரு வரன் வந்தது. கல்யாணத் தரகுக்காரம்மா போனில், “பொண்ணு படத்த லைட்டா எடிட் பண்ணி அனுப்புங்களேன். சும்மா லைட்டா” என்றார். கஸ்தூரி தன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே அனுப்பினாள். வரன் தட்டிப்போனது. “கண்ணு தெரியாதவங்க வீட்டுக்கு நான் போயி என்ன செய்யப் போறேன்?” என்றாள். அம்மா முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறை எடுத்தாள். கீழே பூக்கடைகள். படியேறும்போது மல்லிகை வாசம், பாதிப் படியில் வடைச் சட்டி வாசம், மேலே போனால் சூடான கம்ப்யூட்டர் வாசம். அவளுக்கு இப்போது கத்தரிக்காய் போதாது, முகங்கள் வேண்டும். எல்லா நிற முகங்களும் வேண்டும். படிக்கட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் உட்காரச் சொன்னாள். நேப்பாளக் காவலாளி, ஆப்பிரிக்க மாணவர்கள், பார்வையற்றோர் கம்போடு வந்த சீன அங்கிள், கோயிலுக்கு வந்த மணப்பெண். பாதிப் பேர் பைத்தியம் என்று நினைத்து உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் பைத்தியம் என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

கீழே பூக்கட்டும் ஆன்டி மட்டும் எவ்வளவு கேட்டும் வரவில்லை.

“என்ன எதுக்கும்மா? கறுப்பாத்தான் விழும். என் மருமக எடுப்பா, நானே யாருன்னு கேப்பேன்.”

“ஒரே ஒரு படம் ஆன்டி. புடிக்கலன்னா அழிச்சிடறேன்.”

நான் அன்று அங்கே இருந்தேன். ஆன்டி சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, மல்லிகைக் குவியலுக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே பனி மாதிரி வெள்ளைப் பூ, பின்னால் நிழல். எந்தக் கேமராவும் தோற்றுப்போகிற இடம். கஸ்தூரி எடுத்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள்.

ஆன்டி போனை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் பூ பூவாக இருந்தது. அவரும் அவராக இருந்தார். நல்ல கறுப்பு. கண்ணோரம் சுருக்கம். மூக்குத்தியின் கல் சிவப்பு என்றுகூடத் தெரிந்தது.

“வெளுப்பாக்கலையே நீ?” என்றார் சந்தேகமாக.

“இல்ல ஆன்டி.”

“அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்றார்.

கஸ்தூரி திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாளா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டலில் மூன்று பேர்

வெளிநாட்டுப் பெரிய போன் கம்பெனி ஒன்றிலிருந்து மூன்று பேர் கோலாலம்பூருக்கு வந்தார்கள். ஒரு பெரிய ஓட்டலின் கூட்ட அறையில் சந்திப்பு. கஸ்தூரி ஸ்லைடு எதுவும் கொண்டுபோகவில்லை. அப்பாவையும் மெய் லிங்கையும் கொண்டுபோனாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர நான் லீவு போட்டேன். அப்பா கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மெய் லிங் இப்போது பல் டாக்டர். அன்று கிளினிக்கை மூடிவிட்டு வந்தாள்.

இருவரையும் கண்ணாடி ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தாள். முதலில், அந்த மூன்று பேரையும் அவர்கள் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். ஜன்னல் தெரிந்தது, சட்டை தெரிந்தது, மெய் லிங் தெரிந்தாள். பிறகு தன் போனில் எடுத்தாள். பெரிய திரையில் போட்டாள்.

மெய் லிங் இருந்தாள், மூக்கும் மச்சமும் சேர்த்து. பக்கத்தில் அப்பா இருந்தார். அப்பாவின் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. லோரி ஓட்டி ஓட்டி வலது கன்னம் மட்டும் வெயிலில் வெந்து தடித்திருந்தது. அதுகூடத் தெரிந்தது.

மூன்று பேரும் எழுந்து வந்து கஸ்தூரிக்குக் கை கொடுத்தார்கள். வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு விஷயம்: கேமராவின் உள்ளே இதைத் தனி வசதியாக வைப்போம். கறுப்பாக இருப்பவர்கள், வேண்டுமென்றால் அதைத் திறந்து பயன்படுத்திக்கொள்ளலாம்.

“முடியாது,” என்றாள் கஸ்தூரி.

அவர்களுக்குப் புரியவில்லை. தலைவராக வந்தவர் மரியாதையாகவே கேட்டார், ஏன் என்று.

“உங்க முகம் தெரியறதுக்கு நீங்க எந்தப் பட்டனை அழுத்துறீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “எங்க அப்பாவும் எதையும் அழுத்தத் தேவையில்ல. கேமரான்னா இதுதான். இல்லாட்டி வேண்டாம்.”

அவர்கள் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். சொல்லவில்லை.

வீட்டுக்குக் காரில் திரும்பும்போது ஃபெடரல் நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். மழை வேறு பிடித்துக்கொண்டது. சுபாங் தாண்டும்போது அப்பா மெதுவாகக் கேட்டார், “அவ்வளவு தூரத்துலேருந்து வந்தாங்க. ஏம்மா வேணாம்னுட்ட?”

“எல்லாரும் ஒரு கேட்ல போவாங்களாம்பா. நமக்கு மட்டும் பக்கத்துல ஒரு சின்ன கேட்டு போட்டுத் தராங்களாம்.”

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். கிள்ளான் வந்து இறங்கும்போது சொன்னார்: “நீ செஞ்சதுதான் சரி.”

பட்டங்கள் அவளுக்குப் பிறகு நிறைய வந்தன. இதற்குச் சமமாக அவள் எதையும் சொன்னதில்லை.

அடுத்து வந்த மாதங்கள் கஷ்டமானவை. பிரிக்பீல்ட்ஸ் அறையிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அம்மா ஜாதகத்தை மறுபடி வெளியே எடுத்தார். அப்புறம் யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு சின்னப் போன் கம்பெனி வந்தது. அவள் சொன்னபடியே, பட்டன் எதுவும் இல்லாமல், கேமராவுக்குள்ளேயே வைத்தார்கள். அந்தப் போனை நம் ஆட்கள் வாங்கினார்கள். நேப்பாளத்து ஆட்கள் வாங்கினார்கள். ஆப்பிரிக்காவில் கடைக்கடையாகத் தீர்ந்துபோனது என்றார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் ஏன் என்று திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டலுக்கு வந்த பெரிய கம்பெனியும் திரும்ப வந்தது. இந்த முறை நிபந்தனை சொன்னது கஸ்தூரி.

போன மாதம், என் வார்டில்

காப்பாரிலிருந்து ஒரு இளம் தம்பதி. முதல் பிரசவம், பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் கண்ணயர்ந்திருந்ததால் திரையை இழுத்து விளக்கைத் தணித்து வைத்திருந்தேன். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை, அப்பனைப்போலவே நல்ல கறுப்பு. அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிள்ளை திடீரென்று கண்ணைத் திறந்தது. அவன் சட்டென்று போனை எடுத்து ஒரு படம் எடுத்தான்.

நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மங்கல் வெளிச்சம், வெள்ளைத் துணி. எல்லாம் இருந்தது. பிள்ளையின் முகமும் இருந்தது, ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியாக.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “தம்பி, இந்தப் படம் இப்படி வருதே, அது எங்க தங்கச்சி கண்டுபிடிச்சது.”

“அப்படியா மிஸ்ஸி?” என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படம் எப்போதும் அப்படித்தானே வரும் என்று நினைக்கிற முகம். வேறு எப்படி வரும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் படத்தைத் தன் அம்மாவுக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தான்.

உடனே பதில் வந்தது, குரல் பதிவாக. அந்த அம்மா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார். வார்டே கேட்டது:

“டேய், கண்ணப் பாருடா! அப்படியே எங்கப்பா கண்ணுடா!”